குழந்தையின் அறைக்கு வீட்டிலேயே தைக்கும் திரைச்சீலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் 5 வயது மகளுக்குத் தனியாக ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். அறையில் மேற்கு நோக்கிய இரண்டு ஜன்னல்கள் உள்ளன. இரண்டும் 4 அடிக்கு 4 அடி. திரைச்சீலைக்குக் கடையில் கேட்கும் தையல் கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் இருக்கிறது. பாவாடை, ரவிக்கை தைத்துப் பழக்கம் உண்டு, திரைச்சீலை தைத்ததில்லை. என்ன துணி வாங்க வேண்டும், எத்தனை மீட்டர், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகி, தருமபுரி

பதில்: ரவிக்கையின் கைக்குழிக்குக் கை பொருத்தத் தெரிந்தவருக்குத் திரைச்சீலையின் நேர்த் தையல் ஒரு பொருட்டே அல்ல. அளவெடுப்பதிலும் வெட்டுவதிலும் மட்டும் பொறுமை வேண்டும். ஆனால் துணிக்கடைக்குப் போவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வரவேற்பறைத் திரையை ஆண்டுக்கு ஓரிரு முறை துவைப்போம். குழந்தையின் அறைத் திரையிலோ எண்ணெய்க் கையும் வண்ணப் பென்சிலும் மாம்பழச் சாறும் மாறி மாறிப் படும், அதன் பின்னால் ஒளிந்து விளையாடுவார்கள், அதைப் பிடித்துத் தொங்கவும் செய்வார்கள். ஆகவே அடிக்கடி துவைத்தாலும் கெடாதது, பிடித்து இழுத்தாலும் குழந்தைக்குத் தீங்கு செய்யாதது என்ற இரண்டு தகுதிகளும் உள்ள திரைதான் அந்த அறைக்கு உரியது. துணி, நீளம், மேல்மடிப்பு, கம்பி என எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் இவ்விரண்டையும் வைத்தே முடிவு செய்யுங்கள்.

துணியைப் பொறுத்தவரை நடுத்தரக் கனமுள்ள முழுப் பருத்தியையே நான் பரிந்துரைப்பேன். பாலியஸ்டர் சுருங்காது, விரைவில் உலரும் என்பது உண்மைதான்; ஆனால் அடர்த்தியாக நெய்த பாலியஸ்டர் துணி காற்றை எளிதில் விடாது என்பதால் சித்திரை, வைகாசியில் தருமபுரி வெயிலில் அது அறைக்குள் புழுக்கத்தைக் கூட்டும். பர்கூர் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் பருத்தித் துணி வாங்கலாம். கரூர்ப் பக்கம் போகிறவர்கள் யாரேனும் இருந்தால், வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்லலாம். ரவிக்கைத் துணிபோலக் குறுகிய அகலத்தில் எடுத்துவிடாமல், 48 அங்குல அகலத்தில் கேட்டு வாங்குங்கள். ஒட்டுத் தையல் போடும் வேலை மிச்சமாகும். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு கைகளாலும் விரித்துப் பாருங்கள். மறுபுறம் நிற்பவரின் முகம் அடையாளம் தெரிந்தால் அது படுக்கையறைக்கு மிக மெல்லியது. சிவப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறமாக இருந்தால், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, சாயம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இனி அளவு. இரும்பு டேப்பால் அளவெடுங்கள். தையலுக்குப் பயன்படுத்தும் டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டிருக்கக்கூடும். ஜன்னல் சட்டத்துக்கு மேலே 4 அங்குலத்திலும், இருபக்கமும் 4 அங்குலம் வெளியே நீளும்படியும் கம்பியைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். 48 அங்குல ஜன்னலுக்குக் கம்பியின் அகலம் 56 அங்குலம் ஆகும். நீளத்துக்கு, மேலே 4, ஜன்னல் 48, ஜன்னலின் அடிச்சட்டத்துக்குக் கீழே 8 ஆக 60 அங்குலம். இது தைத்து முடித்த பிறகு இருக்க வேண்டிய நீளம். மேல்மடிப்புக்கு 4½ அங்குலமும், அடியில் 3 அங்குல மடிப்பை இரட்டையாக மடிக்க 6 அங்குலமும் சேர்த்தால் 70½ அங்குலம். பருத்தி நனைந்தால் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது வழக்கம் என்பதால், துண்டு ஒன்றுக்கு 75 அங்குலம் கணக்கிடுங்கள். ஒரு ஜன்னலுக்கு இரண்டு துண்டுகள், இரண்டு ஜன்னல்களுக்கு நான்கு. மொத்தம் 300 அங்குலம். அதாவது ஏறத்தாழ 7.6 மீட்டர். 8 மீட்டர் வாங்கினால் போதும். யானை, வண்டி, பூங்கொத்து என்று பெரிய உருவங்கள் திரும்பத் திரும்ப வரும் அச்சாக இருந்தால், நான்கு துண்டுகளிலும் உருவங்கள் ஒரே உயரத்தில் அமைய வேண்டும். அதற்காக ஓர் உருவம் முடிந்து அதே உருவம் மீண்டும் தொடங்கும் தூரத்தை அளந்து, முதல் துண்டு நீங்கலாக மற்ற மூன்றுக்கும் அந்த அளவு கூடுதலாக வாங்குங்கள்.

இரண்டு துண்டுகளும் பக்க மடிப்பு போகக் கம்பியின் அகலத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரும். வரவேற்பறைக்கு இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று கடைக்காரர் சொல்வார். கொசுவம் நிறைந்து தொங்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆயினும் குழந்தையின் அறைக்கு ஒன்றரை மடங்கே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மடிப்பு குறைந்தால் தூசி தங்குவது குறையும், துவைக்கும் பாரமும் குறையும், காலையில் துவைத்ததை மாலையில் மாட்டிவிடலாம்.

வாங்கி வந்ததும் கத்தரியைத் தொடாதீர்கள். 8 மீட்டர் துணியையும் அப்படியே ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கஞ்சியும் போய்விடும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் தைத்த திரை முதல் துவைப்பிலேயே இரண்டு, மூன்று அங்குலம் மேலேறி, ஜன்னலுக்குக் கீழே நாம் விட்ட அளவைக் குறைத்துவிடும். வெட்டும்போது துணியின் விளிம்பைப் பார்த்து வெட்டாமல், குறுக்கே ஓர் இழையை உருவி, அது விட்டுச்சென்ற கோட்டின் மேலேயே வெட்டுங்கள். கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுக்கும் ஓரம் பல நேரங்களில் கோணலாக இருக்கும். இழை பார்த்து வெட்டாத திரை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நேராகாது.

தைக்கும் வரிசை இது: முதலில் பக்கங்கள், அடுத்து மேற்பகுதி, கடைசியாக அடி மடிப்பு. பக்கங்களில் அரை அங்குலம் மடித்து, மறுபடி ஓர் அங்குலம் மடித்துத் தையுங்கள். துணியின் கரை இறுக்கமாக நெய்யப்பட்டிருந்தால் துவைத்த பின் அது மட்டும் இழுத்துச் சுருங்கும். அதனால் கரையை நீக்கிவிட்டோ, இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை சிறிதாகக் கத்தரித்துவிட்டோ மடியுங்கள். ரவிக்கைக்குப் போடுவதைவிடத் தையலைச் சற்று நீளமாக, அங்குலத்துக்கு 8 முதல் 10 வரை வருமாறு வைத்துக்கொண்டால் சுருக்கம் விழாது. 14ஆம் எண் ஊசி போதும். மேற்பகுதியில் பக்ரம் (விறைப்புக்காக உள்ளே வைக்கும் முரட்டுத் துணிப்பட்டை) வைத்துத் தைக்கும்போது 16ஆம் எண்ணுக்கு மாற்றுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், அது வெயிலிலும் துவைப்பிலும் எளிதில் இற்றுப்போகாது.

மேற்பகுதியைப் பையைப்போல மடித்துத் தைத்து, அதற்குள் கம்பியை நுழைப்பது எளிது. ஆனால் அந்தத் திரை கம்பியில் எளிதில் நகராது. நாள்தோறும் காலையில் குழந்தையே திறந்து மாலையில் மூட வேண்டிய அறைக்கு வளையம் வைத்த திரை வசதியானது. 4 அங்குல அகலமுள்ள பக்ரம் பட்டையை உள்ளே வைத்து மடித்துத் தைத்து, கையால் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் வளையங்களைப் பொருத்துங்கள். பக்ரம் வாங்கும்போது ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். கந்தலாகத் துவண்டுவிட்டால் அது வெறும் கஞ்சி போட்டது, துவைக்கும் திரைக்கு ஆகாது. வளையங்கள் கட்டாயம் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் திரையின் இரண்டு ஓரங்களும் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். ஒற்றைப்படையானால் ஓர் ஓரம் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் துண்டுக்கு 8 வளையங்கள் போதும்: ஓரத்திலிருந்து 2½ அங்குலத்தில் முதலாவது, பிறகு 5½ அங்குலத்துக்கு ஒன்று.

அடி மடிப்பை உடனே தைத்துவிட வேண்டாம். குண்டூசி வேண்டாம், குழந்தை இருக்கும் அறை. கையால் ஓட்டுத் தையல் போட்டுத் திரையை மாட்டி, சில நாள் தொங்கவிடுங்கள். துணி தன் எடையால் சற்று இறங்கும். அதன் பிறகு தரையிலிருந்து மேல்நோக்கி அளந்து, எல்லாத் துண்டுகளும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு அடி மடிப்பை இயந்திரத்தில் தையுங்கள். 3 அங்குல இரட்டை மடிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கனம்தான் காற்றடிக்கும்போது திரையைப் படபடக்காமல் நிறுத்தும். பின்னாளில் மேலும் சுருங்கினால் பிரித்து இறக்கிக்கொள்ளவும் உதவும்.

கேள்வி: என் மகன் மதியத்தில் தூங்கும் வயதுக் குழந்தை. வெளிச்சமும் வெப்பமும் அவனை எழுப்பிவிடுகின்றன. ஒளியை முழுவதும் மறைக்கும் துணி என்று கடையில் ஒன்றைக் காட்டினார்கள். அதை வாங்கலாமா?
– வாசகர், அரூர்

பதில்: நீங்கள் கேட்பது இரண்டு வேறு சிக்கல்கள். வெளிச்சத்தை அந்தத் துணி நன்றாகவே மறைக்கும். வெப்பத்தைப் பொறுத்தவரை, கண்ணாடியைக் கடந்து வெயில் உள்ளே வந்த பிறகுதான் திரை அதைத் தடுக்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே அறைக்குள் நுழைந்திருக்கும். வெப்பத்தைக் குறைக்க வேண்டுமானால் ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுவதுதான் வழி. உள்ளே எந்தத் திரை போட்டாலும் அதன் ஜன்னல் பக்கம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும்.

ஒளி மறைப்புத் துணிகளில் பலவற்றின் பின்புறம் பூச்சு பூசப்பட்டிருக்கும். அதில் குண்டூசி குத்தினால் ஓட்டை நிலைத்து ஒளிப்புள்ளியாகத் தெரியும், பூச்சுப் பக்கம் இஸ்திரி பட்டால் உருகி ஒட்டும், அடித்துத் துவைத்தால் உரிந்துபோகும். குழந்தையின் அறைக்கு நான் சொல்லும் மாற்று, காடா எனப்படும் வெளுக்காத பருத்தித் துணியால் உட்புறத் துணி சேர்ப்பது. திரையை விட ஓர் அங்குலம் குட்டையாகத் தைத்து, மேற்பகுதியில் மட்டும் திரையோடு சேர்த்துத் தைத்து, பக்கங்களையும் அடியையும் தனித்தனியாக விட்டுவிடுங்கள். இரண்டு துணிகளும் வெவ்வேறு அளவில் சுருங்கினாலும் ஒன்றை ஒன்று இழுக்காது. காடா மிக அதிகமாகச் சுருங்கும் துணி என்பதால் அதை இரண்டு முறை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். கும்மிருட்டு வராது, ஆனால் பகல் தூக்கத்துக்குப் போதுமான மங்கல் கிடைக்கும், மாலையில் ஜன்னலைத் திறந்தால் காற்றும் தடைபடாது.

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். இரண்டு வயது மகளின் கட்டில் ஜன்னலை ஒட்டியே இருக்கிறது. தரை வரை தொங்கும் கனமான திரை தைத்து, பகலில் பக்கவாட்டில் கயிற்றால் கட்டிவைக்கலாம் என்றிருக்கிறேன். உள்ளே, கயிறு இழுத்தால் மேலேறும் மறைப்பு ஒன்றும் மாட்டலாமா?
– வாசகி, ஒசூர்

பதில்: திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கட்டிலை நகர்த்துங்கள். இதை வேண்டுகோளாக அல்ல, கட்டாயமாகச் சொல்கிறேன். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் எழுந்து நிற்கும் குழந்தைக்குத் திரையும், கயிறும், ஜன்னல் கொண்டியும் கைக்கு எட்டும். தொங்கும் கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டால் குழந்தையால் தானாக விடுவித்துக்கொள்ள முடியாது, சத்தமும் எழுப்ப முடியாது. அடுத்த அறையில் இருக்கும் பெற்றோருக்குக்கூடத் தெரியாமல் சில நிமிடங்களில் உயிர் போய்விடக்கூடிய விபத்து அது. அமெரிக்காவில் இப்படிப் பல குழந்தைகள் இறந்ததன் விளைவாக, கடைகளில் ஆயத்தமாக விற்கும் ஜன்னல் மறைப்புகள் கயிறே இல்லாமலோ கைக்கு எட்டாத கயிற்றுடனோதான் இருக்க வேண்டும் என்ற தரவிதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் கடைகளில் கயிறு வைத்தவை இன்னும் விற்கின்றன. அதனால் விலக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. இழுகயிறு வைத்த மறைப்பு உங்கள் மகளின் அறைக்கு வேண்டவே வேண்டாம்.

பக்கவாட்டில் கட்டும் கயிறும் அதே காரணத்தால் வேண்டாம். அதற்குப் பதிலாக, இழுத்தால் உடனே பிரிந்துவிடும் வெல்க்ரோ ஒட்டிய குட்டைத் துணிப்பட்டையைப் பெரியவர்களின் தோள் உயரத்தில் சுவரில் பொருத்துங்கள். கொசுவம் வைக்கும் நாடாவைத் தைத்திருந்தால், அதிலிருந்து இழுத்த நூல்களை முடிச்சிட்டுத் தொங்கவிடாமல் நாடாவுக்குள்ளேயே செருகித் தைத்துவிடுங்கள்.

தரை வரை நீளும் திரையும் தவழும், நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. பிடித்து எழுவார்கள், அதில் தடுக்கி விழுவார்கள். ஜன்னலுக்குக் கீழே 8 அங்குலத்தோடு நிறுத்தி, குளிருக்காகக் காடாவுக்குப் பதில் வெள்ளை ஃபிளானல் துணியை உட்புறம் கொடுங்கள். குளிர்க்காற்று பெரும்பாலும் பக்க இடைவெளிகளில்தான் நுழைகிறது. கம்பியை இருபக்கமும் 6 அங்குலம் நீட்டி, திரை சுவரை உரசி நிற்குமாறு அமைத்தால் கனத்தைக் கூட்டுவதைவிட அதிகப் பயன் தரும். கம்பியைச் சுவரில் துளையிட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். இரண்டு பக்கச் சுவர்களுக்கிடையே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கம்பி, குழந்தை ஒரு முறை தொங்கினால் திரையோடு தலையில் விழும்.

கேள்வி: மாமியாரின் பழைய பட்டுச்சேலைகள் இரண்டைப் பேத்தியின் அறைக்குத் திரையாக்க ஆசைப்படுகிறோம். செய்யலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: மனம் புரிகிறது, ஆனால் வேண்டாம். பட்டு இழை வெயிலில் வலுவிழந்து நொறுங்கும் தன்மையுடையது. ஜன்னலில் நாள்தோறும் வெயில் படும் பட்டு மடிப்புவாக்கில் கிழியத் தொடங்கும், அதன் பிறகு எதற்கும் உதவாது. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்குப் பட்டின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேலைகளைப் பேத்திக்கென்று எடுத்து வையுங்கள், அல்லது அவளுக்குப் பாவாடை தைத்துக் கொடுங்கள். பழைய சேலையில்தான் திரை வேண்டுமென்றால் வீட்டிலிருக்கும் பருத்திச் சேலையைப் பயன்படுத்தலாம். பல முறை துவைத்திருப்பதால் இனிச் சுருங்காது. கரையை அடி மடிப்பாக வைத்தால் தனி அழகு. மெல்லிதாக இருப்பதால் காடா உட்துணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. மாதம் ஒரு முறை துவைத்தும் மகனின் அறைத் திரை பழுப்பேறி, அட்டைபோல விறைத்துவிடுகிறது. அவனுக்குச் சளித் தொல்லையும் உண்டு. வேறு துணிக்கு மாற வேண்டுமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: துணியைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் சோப்புக் கட்டி சரியாக நுரைக்காமல், நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து பிசுக்காக மாறி இழைகளுக்கிடையே படிகிறது. விறைப்புக்கும் பழுப்புக்கும் காரணம் பெரும்பாலும் அந்தப் பிசுக்கே. சோப்புக் கட்டியை விட்டுச் சலவைத்தூளுக்கு மாறி, தூளை அள்ளிக் கொட்டாமல் அளவாகப் போட்டு, வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாக அலசுங்கள். மழைக்காலத்தில் மாடியில் பிடித்த மழைநீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

நனைப்பதற்கு முன் திரையை வெளியே எடுத்துச் சென்று உதறுங்கள். உதறாமல் நனைத்தால் சாலைத் தூசி சேறாகி இழையில் ஏறிவிடும். பிள்ளைக்குச் சளி இருப்பதால் இதை அவன் அறையில் இல்லாதபோது செய்யுங்கள். வாய்ப்பிருந்தால் ஜன்னலுக்கு இரண்டு ஜோடித் திரைகள் தைத்து, ஒன்று கொடியில் இருக்கும்போது மற்றொன்றை மாட்டுங்கள். அவன் சளித் தொல்லை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். திரையைச் சுத்தமாக வைப்பது அதற்கு மாற்றாகாது.

கேள்வி: எளிய வெள்ளைத் திரையில் குழந்தைக்குப் பிடித்த மாதிரி பொத்தான், மணி, குஞ்சம் வைத்து அலங்கரிக்கலாமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: குழந்தைக்கு மூன்று வயது ஆகாவிட்டால் பொத்தானும் மணியும் கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். மூன்று வயதைக் கடந்த குழந்தையானாலும் தம்பி, தங்கை இருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பதிலாக வண்ணத் துண்டுத் துணிகளில் மாங்காய், மீன், பிறை என்று குழந்தையை வரையச் சொல்லி, வெட்டி, ஓரம் மடித்துத் திரையின் அடிப்பகுதியில் ஒட்டுத்தையல் போடுங்கள். துண்டுத் துணிகளையும் முன்பே நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் திரையில் ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டால் உழைப்பு முழுவதும் வீண். கார்த்திகை தீபத்தன்று அந்த ஜன்னலில் அகல் ஏற்றும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அன்று மாலை திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விளக்கேற்றுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் திரைக்கு அருகில் எந்த நாளும் வைக்காதீர்கள்.